நடந்த கணக்கு நம்மோடு இருக்கட்டும்

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், என் பிள்ளை கையில் கட்டும் பட்டை ஒன்று வாங்கி வந்தான். "எத்தனை அடி நடந்தேன்னு இதுவே எண்ணிடும்மா!" நல்லதுதான். ஆனால் எண்ணத் தொடங்கும் முன்பே அந்தக் கம்பெனியின் ஆப் என் பிறந்த தேதி, எடை, இருக்கும் இடம் எல்லாம் கேட்டது. "நான் நடக்கிற நடைக்கு முகம் தெரியாதவங்ககிட்ட ஏண்டா கணக்கு ஒப்பிக்கணும்?" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது? ஸ்ட்ராவா என்ற ஆப், உபயோகிப்பவர்கள் ஓடிய தடங்களைச் சேர்த்து உலகப் படமாக 2017-இல் வெளியிட்டது. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓடிய தடம் அதில் பளிச்சென்று தெரிய, 2018 ஜனவரியில் ராணுவ முகாம்களின் இருப்பிடம் உலகத்துக்கே அம்பலமாயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமான சங்கதி ஒன்று. மாதவிலக்குத் தேதி குறிக்கும் ஃப்ளோ என்ற ஆப், ரகசியம் காப்போம் என்று சொல்லிவிட்டு ஃபேஸ்புக், கூகுள் முதலிய கம்பெனிகளுக்கு விவரங்களைக் கொடுத்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2021-இல் குற்றம் சாட்டியது. பெற்ற தாயிடம் சொல்லும் முன்பே விளம்பரக்காரனுக்குச் சேதி போவதா? நினைத்தாலே கூசுகிறது.

பிள்ளை தேடிப் பிடித்தது கேட்ஜெட்பிரிட்ஜ். ஆண்ட்ராய்டு போனுக்கான இலவச ஆப். கம்பெனி ஆப்புக்குப் பதிலாக இதுவே பட்டையோடு பேசும். இன்டர்நெட்டுக்குப் போக அனுமதியே கேட்பதில்லை. அடிக்கணக்கு, தூக்கம், நாடித்துடிப்பு எல்லாம் போனுக்குள்ளேயே தங்கிவிடும். இது 'ஓப்பன் ஸோர்ஸ்' வகை. அதாவது, சமையல் குறிப்பை எல்லோர் பார்வைக்கும் வைத்த மாதிரி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று விவரம் தெரிந்தவர் யாரும் பார்க்கலாம். பட்டை இல்லாமல் நடை தூரம் மட்டும் அறிய ஓப்பன்டிராக்ஸ் போதும். மாதவிலக்குக்கு 'டிரிப்' இருக்கிறது. கடவுச்சொல் போட்டும் பூட்டலாம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் உள்ளவர்கள் இதை அவசியம் பாருங்கள்.

சிரமமும் உண்டு. எல்லாப் பட்டையும் கேட்ஜெட்பிரிட்ஜுக்கு ஒத்துவராது. சில பட்டைகளுக்கு முதல் தரம் கம்பெனி ஆப்பில் பதிந்து சாவி எண் வாங்கித்தான் ஆகவேண்டும். ஆகவே எந்தெந்தப் பட்டை சேரும் என்று பட்டியலைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இன்னொன்று, போன் தொலைந்தால் கணக்கும் போச்சு! மாதம் பிறந்து பால் கணக்குத் தீர்க்கிற அன்றே இதையும் ஒரு பிரதி எடுத்து, பீரோவில் பாஸ் புக்கோடு வைத்துவிடுகிறேன்.