கலிஃபோர்னியாவின் திராட்சைப் பள்ளத்தாக்குகள் – 4: பீப்பாயில் இருக்கும்போதே

மார்ச் மாதத்தில் சோனோமா மாவட்டத்தின் ட்ரை க்ரீக் பள்ளத்தாக்கு வெறிச்சென்று இருக்கிறது. கவாத்து செய்த கொடிகளில் இலை இல்லை. வரிசைகளுக்கு நடுவே கடுகுப் பூ மட்டும் மஞ்சளாகப் பரவியிருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் பறித்த பழம் சாறாகிப் புளித்து, கிடங்குகளில் ஓக் பீப்பாய்களுக்குள் அடங்கியிருக்கும் பருவம் இது. ஹீல்ட்ஸ்பர்க் ஊரைச் சுற்றியுள்ள ஒயின் ஆலைகள் பீப்பாய் ருசிபார்ப்புக்குக் கதவு திறப்பதும் இப்போதுதான். பீப்பாயின் அடைப்பை எடுத்து, நீண்ட குழாயை உள்ளே விட்டு, அதன் மேல்முனையை விரலால் மூடித் தூக்கிக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். வரப்போகும் ஒயினை முன்கூட்டியே ருசிக்கும் வாய்ப்பு என்று இதைச் சொல்வது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. கோப்பையில் விழுவது வரப்போகும் ஒயின் அல்ல, அதற்கான மூலப்பொருள்களில் ஒன்று. அப்படி எண்ணி ருசிப்பவருக்கே இந்தப் பயணம் ஏதாவது கற்றுக்கொடுக்கும்.

வழக்கமான பீப்பாய் ஒன்று 225 லிட்டர் கொள்ளும்; ஏறக்குறைய 300 பாட்டில். ஒரே தோட்டத்துப் பழச்சாற்றை இரண்டு பீப்பாய்களில் ஊற்றினாலும் ஐந்து மாதத்தில் இரண்டும் வெவ்வேறு வழியில் போய்விடுகின்றன. புதிய அமெரிக்க ஓக்கில் இருந்தது தேங்காயும் வெனிலாவும் மணக்கும். பிரெஞ்சு ஓக் அந்த மணத்தை அடக்கியே தரும். பலமுறை பயன்பட்ட பழைய பீப்பாய் மரவாசனை எதையும் சேர்க்காது. கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்களும் சில பீப்பாய்களில் இன்னும் வேலையை முடித்திருக்காது. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அடங்க கேபர்னே சோவின்யோனுக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு தேவை. அதற்குப் பிறகும் கலவை இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி லேபிளில் ஜின்ஃபண்டெல் என்று போட அந்தத் திராட்சை 75 சதவீதம் இருந்தால் போதும். மீதியில் பெட்டீட் சிரா சேரலாம், கேரின்யான் சேரலாம். எந்தப் பீப்பாய் எந்தக் கலவைக்குப் போகும் என்பதே முடிவாகாதபோது ஒரு வாய் ருசியை வைத்து என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?

பிரான்சின் போர்தோவில் வசந்தந்தோறும் விமர்சகர்கள் பீப்பாய் ஒயினை ருசித்துத்தானே மதிப்பெண் தருகிறார்கள், அதை நம்பித்தானே வியாபாரமே நடக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களுக்கு முன் வைக்கப்படுவது பெரும்பாலும் பல பீப்பாய்களிலிருந்து கலந்து எடுத்த மாதிரி. ஆண்டுக்காண்டு அதே தோட்டங்களை ருசித்த நினைவும் அவர்களிடம் இருக்கிறது. அப்படியிருந்தும் அவர்களில் பலர் ஒற்றை எண் தருவதில்லை. 92 முதல் 94 வரை என்பதுபோல இடைவெளி விட்டே சொல்கிறார்கள். கைதேர்ந்தவர்களே அவ்வளவு தயங்கும்போது, ஒரு மதியத்தில் நாலு ஆலை சுற்றும் பயணி அந்த ருசியை மட்டும் நம்பி, பாட்டிலில் அடைக்காத ஒயினுக்குத் தள்ளுபடி விலையில் முன்பணம் கட்டுவது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

2020-இல் நடந்தது இந்தத் தயக்கத்துக்கு வலுவான காரணம். அந்த ஆண்டுக் காட்டுத்தீயின் புகை நாபாவிலும் சோனோமாவிலும் பறிக்காத கருந்திராட்சை மீது படிந்தது. புகையின் ஃபீனால் சேர்மங்கள் பழத்துக்குள் சர்க்கரையோடு பிணைந்துகொள்ளும். அந்த நிலையில் மூக்குக்குத் தெரியாது. புளிக்கும்போது கொஞ்சம், வைத்திருக்கும்போது கொஞ்சம் என்று பிணைப்பு அவிழ, சாம்பல் வாடை மெல்ல வெளிவரும். தொடக்கத்தில் குறையற்றதாகத் தோன்றிய இளம் ஒயின் பிறகு கெட்டுப்போக முடியும் என்பதால், பல ஆலைகள் அந்த ஆண்டுச் சிவப்பு ஒயினையே கைவிட்டன. ஓராண்டு உழைப்பை அப்படி விட்டுக்கொடுத்த அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

எல்லாம் நிச்சயமற்றது என்றால் அங்கே போவானேன்? பாட்டில் மறைத்துவிடுவதைப் பீப்பாய் காட்டுகிறது என்பதற்காகத்தான். ஒரே தோட்டத்து ஒயினைப் புதிய பீப்பாயிலிருந்தும் பழையதிலிருந்தும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் தருவார்கள். எது மரத்தின் சுவை, எது மண்ணும் பழமும் தந்தது என்று நாக்கு பிரித்தறிய அந்த இரண்டு வாய் போதும், விழுங்காமல் துப்பினால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு அதே தோட்டத்தின் மூன்றாண்டுப் பழைய பாட்டில் இருந்தால் அதையும் ருசித்துவிட்டு, வாங்குவதானால் அதை வாங்குங்கள்.