இருபத்தொன்றரைப் பாகைக் குளிர்

லண்டனிலிருந்து ஊர் திரும்பி மூன்று வாரங்களாகின்றன. இவ்வளவு நாளும் ஏன் எழுதவில்லை என்று சில நண்பர்கள் விசாரித்திருந்தார்கள். பெரிய காரணம் எதுவுமில்லை. மகன் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தோம். தேம்ஸ் நதியைப் பற்றியும் பிரித்தானிய நூலகத்தைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் அங்கேயே இருக்கின்றார்கள். நான் எழுத நினைத்திருப்பது மகன் வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்டிருந்த, கொத்தமல்லி விதையளவேயான ஒரு கறுப்புப் பொருளைப் பற்றி.

கிண்ணியாவில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு வீட்டைச் சூடாக்குவது என்ற எண்ணமே வேடிக்கையாகத்தான் படும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது சுவரில் கைவைத்தால் சுடும். மாரி மழைக் காலத்தில் வாடை அடித்தால் ஒரு போர்வை போதும். சூடு என்றவுடன் எனக்கு ஞாபகம் வருவது கன்னியா வெந்நீர்க் கிணறுகள்தாம். (கிண்ணியாவையும் கன்னியாவையும் ஒன்றென்று எண்ணி, எங்கள் ஊருக்கு வந்து வெந்நீர்க் கிணறு எங்கே என்று கேட்ட வெளிநாட்டவர்களை நான் கண்டிருக்கின்றேன். கன்னியா, திருகோணமலை நகருக்கு மேற்கே இருக்கின்றது.) அங்கே கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றின் சூடும் வேறு. சிறு வயதில் துறையில் படகேறி, பின்னர் பஸ் ஏறிப் போய், எந்தக் கிணற்று நீரை முதலில் வார்ப்பது என்பதைக் கையைவிட்டுப் பார்த்துத்தான் தீர்மானிப்போம். வெப்பமானி என்ற ஒன்று ஆஸ்பத்திரியில் நாக்குக்கடியில் வைப்பது என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

மகன் அந்த வீட்டை வாங்கியது 2013இல். நூறு வருடப் பழைமையான செங்கல் வீடு. கீழே ஒரு பொய்லர். அதிலிருந்து வெந்நீர் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறையிலுமுள்ள ரேடியேட்டருக்குப் போகின்றது. எல்லா அறைகளையும் ஒன்றுபோலச் சூடாக்கினால் எரிவாயுக் கட்டணம் கட்டுப்படியாகாது. அதனால் அறைக்கொரு வால்வு, அறைக்கொரு வெப்ப உணரி என்று அவனே பொருத்தியிருந்தான். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினியொன்று மாடிப்படிக்குக் கீழே இருந்துகொண்டு, எந்த அறை குளிர்கின்றதோ அந்த அறையின் வால்வைத் திறக்கும். அறை சூடானதும் மூடும். எல்லாவற்றையும் கைபேசியில் பார்க்கலாம். உணரிகள் டிஎஸ்18பி20 என்ற வகை. டலஸ் செமிகண்டக்டர் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. மூன்று கால்களோடு ஒரு சிறு பூச்சியைப் போலிருக்கும். பத்துப் பன்னிரண்டு உணரிகளை ஒரே கம்பியில் கோக்கலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் உலகில் வேறெதற்குமில்லாத ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பதால், கணினி பெயர் சொல்லி அழைப்பதுபோல ஒவ்வொன்றையும் தனித்தனியே அழைத்து விசாரிக்கும். ஆள் அடையாள அட்டை இலக்கத்தைப் போல என்று மகன் விளக்கினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஜனவரி முதல் வாரம். எங்களுக்குக் கீழ்த்தளத்தின் பின்னறை. படியேறத் தேவையில்லை என்பதற்காக.

இரண்டாம் நாளே மனைவி சொன்னாள், "இந்த அறை குளிருது" என்று. மகன் கைபேசியைக் காட்டினான். பின்னறை: 21.5 பாகை. "உம்மா, வீட்டிலேயே உங்கட அறைதான் ஆகச் சூடு" என்றான். அவளும் சிரித்துவிட்டுப் பேசாமலிருந்தாள். அன்றிரவு என்னிடம் மீண்டும் சொன்னாள். நானும் அதே 21.5ஐ எடுத்துக் காட்டினேன். "ஊரிலிருந்து வந்த உடம்பு, பழகுவதற்கு ஒரு வாரம் போகும்" என்றேன். அவள் என்னுடைய ஸ்வெட்டரையும் தன்னுடையதற்கு மேலே போட்டுக்கொண்டு படுத்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

அவளுக்கு இளைப்பு வருத்தம் உண்டு. ஊரில் மழைக் காலத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். அங்கே ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்குப் பின்னர் எழுந்து உட்கார்ந்தாள். இன்ஹேலரை எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பகலில் கேட்டால் "ஒண்டுமில்ல" என்பாள். பிள்ளைக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதாம். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கும் குளிரத்தான் செய்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 21.5 என்று எழுதியிருக்கும்போது குளிர்வதாகச் சொல்வது ஏதோ வயதுக் கோளாறைப் போலத் தோன்றியது.

சந்தேகம் வந்தது குளிரால் அன்று. தூக்கம் வராத ஓர் இரவில் மகன் தந்திருந்த பழைய கைபேசியில் எல்லா அறைகளின் எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை 18.9, பின்னர் 18.7. மாடி அறை 19.4, பின்னர் 19.2. எங்கள் அறை மட்டும் 21.5. மறுநாள் காலையிலும் 21.5. பேத்தி பாலைக் கொட்டிவிட்டாளென்று மருமகள் யன்னலை அரைமணி நேரம் திறந்து வைத்தாள். வெளியே பனி. அப்போதும் 21.5! நாற்பது வருடம் செய்தி சேகரித்தவன் நான். கச்சேரியில் எந்த நாளில் கேட்டாலும் ஒரே தொகையைச் சொல்லும் உத்தியோகத்தரை நம்பக் கூடாது என்று இளைய நிருபர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். கொப்பி ஒன்றை எடுத்து இரண்டு நாட்கள் மணிக்கணக்காகக் குறித்தேன். ஒரு புள்ளிகூட அசையவில்லை.

மகனிடம் கொப்பியைக் கொடுத்தேன். அவன் முகம் மாறிவிட்டது. பேத்தியின் குளியல் நீருக்கென்று வாங்கிய வெப்பமானியைக் கொண்டுவந்து எங்கள் கட்டிலருகே வைத்தான். பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு பார்த்தால் 14 பாகை. வீட்டுக்குள் குறைந்தது 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருப்பதாக அவன்தான் பின்னர் சொன்னான். முதியவர்களுக்கும் நோயாளர்களுக்கும் அதைவிடச் சற்று அதிகம் வேண்டுமாம்.

நடந்தது இதுதான். இந்த வகை உணரிக்கு மின்சாரம் கிடைத்ததும் அதன் நினைவகத்தில் முதலில் இருக்கும் எண் 85. வெப்பத்தை அளந்து முடிக்க ஒரு விநாடியில் முக்கால் பங்கு வேண்டும். அதற்கிடையில் மின்சாரம் தடுமாறினால், அளக்காமலேயே "85 பாகை" என்று சொல்லிவிடும். எங்கள் அறையின் உணரிக்குப் போன கம்பி, ஈரம் கசியும் பின்சுவரில் ஓர் இணைப்பில் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. அதனால் அது 85 என்றது. அல்லது பதிலே சொல்லவில்லை. லண்டன் ஜனவரியில் படுக்கையறை 85 பாகையாக இருக்க முடியாதல்லவா? ஆகவே, 85 வந்தால் அதைத் தள்ளிவிட்டு, கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணையே வைத்துக்கொள் என்று மகன் பல வருடங்களுக்கு முன்னர் கணினிக்கு எழுதி வைத்திருந்தான். கடைசியாகக் கிடைத்த நல்ல எண், இலையுதிர்காலத்தின் ஏதோ ஒரு பிற்பகலில் வந்த 21.5. அறை சூடாகத்தான் இருக்கின்றது என்று கணினி வால்வைத் திறக்கவேயில்லை. விருந்தினர் வராத அறையாதலால் ஒருவரும் கவனிக்கவுமில்லை.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கி எங்கள் ஊர் வைத்தியசாலையையே சிதைத்துவிட்டுப் போன பிறகு, தொலைபேசிகள் செயலிழந்து, போக முடியாதிருந்த ஒரு கரையோரக் கிராமத்தைப் பற்றிய தொகையொன்றை நான் மூன்று நாட்கள் தொடர்ந்து பத்திரிகைக்கு அனுப்பினேன். முதல் நாள் ஒருவர் சொன்ன தொகை அது. இரண்டாம் நாள் அங்கிருந்து நடந்தே வந்த ஒருவர் சொன்ன தொகை நம்ப முடியாததாக இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, நேற்றையதையே இன்றைய திகதியில் போட்டேன். நம்ப முடியாததாக இருந்த தொகையே உண்மைக்கு அருகில் இருந்தது. ஆசிரியபீடத்தில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை வாப்பாவும் மகனுமாக எல்லா உணரிகளையும் மாற்றினோம். புதியவை பத்து வாங்கியிருந்தான். இவற்றில் போலிகள் ஏராளமாம். ஆகவே பொருத்துவதற்கு முன்னர் பரீட்சித்தோம். பனிக்கட்டியை நொறுக்கி, இடைவெளிகளை நிரப்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, உணரிகளை ஈரம் படாமல் மெல்லிய பையில் சுற்றி அதற்குள் இறக்கினால் 0 பாகை காட்ட வேண்டும். அரைப் பாகை முன்பின்னாக இருக்கலாம். எட்டு அப்படியே காட்டின. ஒன்று 2.1 என்றது. இன்னொன்று வாயே திறக்கவில்லை. இரண்டையும் குப்பையில் போட்டான்.

என் வேலை இலக்கம் பார்ப்பது. பழைய உணரி போய்ப் புதியது வந்தால் அதன் இலக்கமும் புதியது. எந்த இலக்கம் எந்த அறை என்று கணினியில் மாற்றி எழுத வேண்டும். பதினாறு எழுத்துகளும் எண்களுமாக நீளும் அந்த இலக்கங்கள் எல்லாம் 28 என்று தொடங்கும்; மற்றவை கண்ணைக் குழப்பும். மகன் தட்டச்சு செய்ய, நான் தாளை வைத்துக்கொண்டு ஒப்புநோக்கினேன். ஓரிடத்தில் 8 இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'பி' விழுந்திருந்தது. ஈய அச்சுக் காலத்தில் புரூப் பார்த்த கண்களுக்கு இன்னும் கொஞ்சம் பயன் இருக்கின்றது என்று எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. சுவரின் அரித்த இணைப்பை வெட்டியெறிந்துவிட்டு, கம்பியைப் புதிதாக இழுத்துப் பற்றாசு வைத்து, ஈரம் புகாத குழாயால் மூடினான்.

கணினியில் எழுதியிருந்ததையும் மாற்றினான். இனி ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த நேரமும் தெரியும். பத்து நிமிடங்களாகப் புதிய எண் வராவிட்டால் பழையது மறைந்து ஒரு கோடு மட்டும் தெரியும். கைபேசிக்கு எச்சரிக்கை வரும். வால்வு மணிக்கு இருபது நிமிடமாவது தானாகத் திறந்திருக்கும். கோடு போடச் சொன்னது நான். பத்திரிகையில் தகவல் கிடைக்காத கட்டத்தில் அப்படித்தான் போட வேண்டும் என்பது எங்கள் பழைய செய்தி ஆசிரியர் ஒருவரின் கட்டளை. அதைக் கடைப்பிடிக்காதவர்களில் நானும் ஒருவன்.

அன்றிரவு பின்னறை 20.6 என்று காட்டியது. சிறிது நேரத்தில் 20.8. அசைகின்ற எண்ணைப் பார்க்கவே நிம்மதியாக இருந்தது. மனைவி இரண்டாவது ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் தந்தாள். இரவு இரண்டு மணிக்கு நான்தான் விழித்திருந்தேன், அவள் எழும்பவில்லை.

காலையில் மகன் கைபேசியைத் தொடாமல் கதவருகே வந்து நின்று கேட்டான், "உம்மா, இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு மகன்" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "கால்தான் குளிருது."

உணரி சுவரில் தோளுயரத்தில் இருந்தது. கீழே நிலம் வெறும் பலகை, அதற்குக் கீழே காற்று. அன்று மாலை வேலை முடிந்து வரும்போது ஒரு தடித்த கம்பளத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.