எம் ஆசிரியரும் எமது கமராவும்

முன்னாளில் நம் கல்லூரியிற் கற்பித்து இந்நாளில் ஓய்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களைப் படம்பிடித்துத் தருமாறு யூபிலி மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். எம்மைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் எமது ஆற்றலன்று. எம்மிடம் ஒரு பெரிய கமரா இருக்கின்றதென்று அவர்கள் கேள்வியுற்றமையே. அக் கமராவைக் கொண்டு நாம் பெற்ற படங்கள் இம் மலரிலே வேறு பக்கங்களில் உள்ளன. பெறாது விட்ட ஒரு படத்தைப் பற்றியும், அதனால் நாம் கற்றவற்றைப் பற்றியும் இங்கே சில கூற விழைகின்றோம்.

இவ்வகைக் கமராவை மிரர்லெஸ் மீடியம் போமற் என்பர். மீடியம் போமற் என்பது நடுத்தர வடிவம். முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளிற் சிறியதாகவும், தகட்டுப் பிலிமிற் பெரியதாகவும் படம் பதிந்த காலத்தில் அவ்விரண்டுக்கும் இடைப்பட்டது இப்பெயர் பெற்றது. மிரர்லெஸ் என்பது உள்ளே ஆடியில்லாதது. முன்னைய கமராக்களில் வில்லையூடாக வந்த ஒளியை ஓர் ஆடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். படம் பதியுங்கணத்தில் அவ்வாடி எழுந்து வழிவிடும். அவ்வாடியை நீக்கிவிட்டு, ஒளியுணரி காண்பதையே சிறு திரையொன்றிற் காட்டுவது இப்புதிய முறை. ஆடியும் அதனைத் தாங்கும் பெட்டியும் நீங்கவே கமராவின் பருமன் குறைந்தது. ஹசல்பிளாட் நிறுவனத்தார் 2016 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எக்ஸ்.1.டி. என்னும் கமராவை அறிவித்தனர். அதே ஆண்டு செப்ரெம்பரிற் பியூஜிபிலிம் நிறுவனத்தார் ஜி.எப்.எக்ஸ். 50 எஸ். என்பதை அறிவித்தனர். அதுவரை பெரும்பாலும் படக்கூடத்தின் முக்காலிமேல் வீற்றிருந்த எண்முறை நடுத்தர வடிவம், அதன்பின்னர்ப் பரவலாகத் தோளில் தொங்கித் தெருவுக்கு வந்ததெனலாம்.

இவற்றின் ஒளியுணரி ஏறத்தாழ 44 மில்லிமீற்றர் நீளமும் 33 மில்லிமீற்றர் உயரமும் உடையது. 36க்கு 24 என்னும் அளவினதாகிய சாதாரண முழுச்சட்ட உணரியுடன் ஒப்பிடின் பரப்பில் 1.7 மடங்கு வரும். எனினும், எம் ஆசிரியர் கையாண்ட பழைய கமராவின் நெகற்றிவ் ஒவ்வொரு பக்கமும் 56 மில்லிமீற்றர் கொண்ட சதுரம். இன்றைய உணரி அதன் பரப்பிற் பாதிக்கும் குறைவே. இதனை அவரிடங் கூறியபோது அவர் சிரித்த சிரிப்பையே நாம் படமெடுக்கத் தவறினோம்.

அவர் எமக்குப் பௌதிகம் கற்பித்தவர். 1970களின் முற்பகுதியிலே கல்லூரியின் நிழற்படக் கழகத்தை நடத்தியவரும் அவரே. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. பிலிம் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. ஒரு சுருளிற் பன்னிரண்டு படங்கள். அப்பன்னிரண்டையும் கழகத்துப் பிள்ளைகள் பதினால்வரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வுகூடத்தை அடுத்திருந்த சிற்றறையே இருட்டறை. யன்னலுக்குக் கறுத்தத் துணி, மின்குமிழுக்குச் சிவப்புத் தாள், மருந்து கலக்கக் குசினியிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு தட்டங்கள். தட்டத்துள் வெள்ளைத் தாளிலே முகமொன்று மெல்ல எழுந்து வரக் கண்ட முதல்நாளை நாம் இன்றும் மறந்தோமில்லை.

அவரது கமரா இரட்டை வில்லை கொண்டது. மார்பளவிற் பிடித்து மேலிருந்து குனிந்து நோக்க வேண்டும். "ஒருவரைப் படமெடுக்க முன்னம் அவருக்குத் தலை வணங்கவேணும், இந்தக் கமரா அதைத் தானாகவே செய்விக்குது" என்பார். அன்று அதனை வேடிக்கையாகவே கொண்டோம்.

இவ்வாண்டு அவர் வீட்டுக்குச் சென்றபோது அவர் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வயது எண்பத்தெட்டு. வெள்ளை வேட்டி, நெற்றியில் நீறு, முற்றத்திலே வைகாசி வெயில். கமராவை வெளியே எடுத்து உணரியின் அளவைக் கூறினோம். "இவ்வளவு காசு குடுத்து என்ரை நெகற்றிவிலை பாதியோ வாங்கினீர்?" என்று வாய்விட்டுச் சிரித்தார். கண்கள் சுருங்கி, தலை பின்சாய்ந்து, ஐம்பதாண்டுக்கு முன் வகுப்பறையிற் கண்ட அதே சிரிப்பு. கமராவைக் கண்ணிடத்து வைத்தோம். திரை இருண்டு கிடந்தது. விசையை அழுத்தினோம், ஒன்று, இரண்டு, மூன்று செக்கன்கள் கழிந்தன. திரை விழித்தது. வில்லை முன்னும் பின்னுமாய் அசைந்து குவியத்தைத் தேடியது. தேடி முடிந்தபோது சிரிப்பும் முடிந்துவிட்டது. "என்ன தம்பி, உம்முடைய கமரா நித்திரையோ?" என்றார் அவர்.

நித்திரைதான். ஆடியுள்ள கமராவிற் காண்பதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆடியில்லாததிலோ உணரியும் திரையும் இடைவிடாது இயங்கினாலன்றி ஒன்றும் தோன்றாது. பற்றறியைக் காக்கும்பொருட்டுக் கருவி அடிக்கடி உறங்கிவிடுகின்றது. பெரிய உணரியை எழுப்பவும் நேரம் செல்கின்றது. முதலில் வந்த கருவிகள் உருவின் கூர்மையை ஒப்புநோக்கியே குவியத்தைத் தேடின. இவ்வகையுள் உணரியிலேயே தூரத்தைக் கணிக்கும் விரைவான முறை 2019 இல் வந்த ஜி.எப்.எக்ஸ். 100 உடனேயே அமைந்தது. எமது கருவி முன்னைய தலைமுறையைச் சேர்ந்தது. ஆசிரியரின் பழைய கமராவுக்கோ பற்றறியே இல்லை. சாவியைச் சுற்றிவைத்தால் ஆண்டு முழுதும் விழித்திருக்கும்.

அதன்பின் அவர் நிமிர்ந்து, சால்வையைச் சீர்செய்து, படத்துக்கு இருப்பவர்போல் இருந்தார். அவ்வண்ணமே எடுத்தோம். ஒளியைப் பொறுத்தமட்டில் எம் கமரா குறைவைக்கவில்லை. வெயில் விழுந்த வேட்டியின் மடிப்புக்களும் தெரிந்தன; கூரை நிழலிற் கிடந்த கரிய முகத்தின் சுருக்கங்களும் தெரிந்தன. நம் நாட்டு நண்பகலில், வெண்மையான ஆடையையும் கருமையான முகத்தையும் ஒரே படத்தில் அடக்குதல் எளிதன்று. ஒன்று வெளிறும், அன்றேல் மற்றொன்று இருளில் மறையும். பெரிய உணரியின் பெரும்பயன் இதுவேயென்பது எமது துணிபு. எத்தனை கோடிப் புள்ளிகள் என்று கணக்கிடுவோர் இதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

வீடு திரும்பி, அப்படத்தைக் கணினியிற் பெருப்பித்துப் பார்க்கும்பொழுது வேறொன்று கண்ணிற் பட்டது. ஆசிரியருக்குப் பின்னே சுவரில் ஒரு சட்டப்படம் தொங்கியது. நேரிற் சென்றிருந்தபோது அதனைக் கவனியாதிருந்தோம். மேலும் பெருப்பித்தோம். அரைக்காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் அணிந்த பதினான்கு பையன்கள், நடுவே ஆசிரியர். நிழற்படக் கழகத்தின் குழுப்படம் அது! முன்வரிசையிற் காதுகள் பெருத்த பையன் யாரென்பதை நாம் கூற வேண்டியதில்லை. கல்லூரியிலிருந்த பிரதி, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்த நாள்களோடு காணாமற் போயிற்று. எம் வீட்டுப் பிரதிக்கும் அதே கதியே. ஆசிரியரின் பிரதி கொழும்பிலே மகளிடம் இருந்தமையாற் பிழைத்தது. சிரிப்பைத் தவறவிட்ட கருவி, நாம் கேளாமலே இதனைக் கொண்டுவந்து தந்தது.

மறுவாரம் மீண்டும் சென்றோம். சட்டப்படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடியை நீக்கி, முறையாகப் பிரதியெடுத்தோம். இம்முறை படலையைத் திறக்கும்போதே கமராவை விழிப்பித்து, அது உறங்காதவாறும் அமைத்திருந்தோம். மாற்றுப் பற்றறிகள் இரண்டு பையில் இருந்தன. குவியத்தைக் கதிரைத் தூரத்துக்குக் கையாலே நிறுத்தினோம். பின்புறத் திரையை மேனோக்கி விரித்து, கமராவை மார்பளவிற் பிடித்துக் குனிந்து நோக்கினோம். ஆசிரியர் அதனைக் கண்டுகொண்டார். "ஓ, இப்பத்தான் வணங்கப் பழகியிருக்கிறீர்" என்றார், சிரித்தார். முன்னைய சிரிப்பு அன்று. எனினும் நல்ல சிரிப்பு. மலரில் வெளிவந்திருப்பது அதுவே.

இக் கமராவை நாள்தோறும் எடுத்துச்செல்லும் ஒருவர் அதனிடம் எவற்றை எதிர்பார்க்கலாம் என்பதை இவ்வனுபவத்தைக் கொண்டு சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, விழிப்பு. விசையைத் தொட்டவுடன் கண் திறத்தல் வேண்டும். பெரிய படமெடுப்போர் ஆறுதலாகவே எடுப்பர். ஆயின் அந்த ஆறுதல் எடுப்பவரின் விருப்பத்தாலேயே வரவேண்டும். கருவி தன் சோம்பலை நம்மீது சுமத்துதல் ஆகாது.

இரண்டாவது, நிலைப்பு. படம் பெரிதாகுந்தோறும் கைநடுக்கமும் பெரிதாகத் தோன்றும். 60இல் ஒரு செக்கனில் எடுத்தவை கைத்தொலைபேசித் திரையிலே கூர்மையாகத் தெரிந்தும் முழுவுருவில் மங்கியதை நாம் பலமுறை கண்டோம். உணரியையே அசைத்து நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு 2019 இன் பின் வந்த பல கருவிகளில் உண்டு. அறுபதைக் கடந்த கைகளுக்கு அது வேண்டியதே.

மூன்றாவது, பாரம். 2021 இல் வந்த ஜி.எப்.எக்ஸ். 100 எஸ். ஏறத்தாழ 900 கிராம். வில்லையுஞ் சேரின் ஒன்றரைக் கிலோவை அண்மிக்கும். திருவிழாவில் வீதிவலம் முடியுமுன் கழுத்து அதனை உணரும். சிறியதும் மெல்லியதுமான வில்லைகள் இன்னும் பல வேண்டும்.

நான்காவது, மூடி. உணரிக்கு முன்னுள்ள திரைமூடியைக் கொண்ட ஜி.எப்.எக்ஸ். கமராக்களிற் பிளாஷ் ஒளி 125இல் ஒரு செக்கன் வரையே முழுப்படத்துக்கும் பொருந்தும். வில்லைக்குள் மூடியுள்ள ஹசல்பிளாட் முறையில் 2000இல் ஒரு செக்கனிலும் பொருந்தும். நண்பகல் வெயிலில் நிழல்விழுந்த முகத்துக்குச் சிறிது ஒளி சேர்க்க விரும்புவோர் இவ்வேறுபாட்டை அறிவர். மூடியின்றி மின்முறையால் ஓசையில்லாது எடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் உணரி வரிவரியாக மெதுவாய் வாசிக்கப்படுவதால், ஓடிவரும் தேர் சாய்ந்துவிடுகின்றது. ஒருமுறை அவ்வாறு எடுத்த படத்தைக் கண்ட உறவினரொருவர், "தேர் சரிஞ்சதோ?" என்று பதறினார்.

ஐந்தாவது, காப்பு. பத்துக் கோடிப் புள்ளிகளை 16 பிற் அளவிற் சுருக்காது எழுதின் ஒரு படமே ஏறக்குறைய 200 மெகாபைற் வரும். இரண்டு அட்டைகளில் ஒருங்கே எழுதும் வசதி இருத்தல் நன்று. ஒரு பிரதி மட்டும் வைத்திருந்ததால் நாம் இழந்தவற்றை மேலே கூறினோம். மேலும், நம் நாட்டு ஈரக் காற்றிலே வில்லைக்குள் பூஞ்சணம் படரும். 2022 இல் நேர்ந்தது போன்ற நெடிய மின்வெட்டிலே பற்றறி வெறுமையாகும். காற்றுப் புகாப் பெட்டியும், சிலிக்கா ஜெல் பொதியும், எந்தச் சிறு மின்சேமிப்பியிலிருந்தும் மின்னேற்றும் வழியும் இங்கு வேண்டியவை.

ஆறாவது, பெயர். இதுவே எமது பேரவா. எமது கமரா ஒவ்வொரு படத்துடனும் திகதி, நேரம், வில்லை, துவாரம் யாவற்றையும் எழுதிவைக்கின்றது. படத்தில் இருப்பவர் யார் என்பதை மாத்திரம் எழுதுவதில்லை. சில கருவிகளிற் குரற்குறிப்புச் சேர்க்கும் வசதி உண்டு. அது எல்லாவற்றிலும் இருந்து, எடுத்தவுடன் "இவர் இன்னார்" என்று தமிழிலே சொல்லிவைக்க இயலுமாயின், பத்துக் கோடிப் புள்ளிகளைக் காட்டினும் அதனை உயர்வாய் மதிப்போம்.

ஏனெனில், பிரதியெடுத்த குழுப்படத்தை அன்று ஆசிரியர் முன்னிலையிற் பெருப்பித்துக் காட்டினோம். பார்வை மங்கியவர், கைக்கண்ணாடியுடன் திரையருகே குனிந்து, ஒவ்வொரு முகமாக விரல்வைத்துப் பெயர் கூறினார். பதினால்வரில் மூவர் இன்று இல்லை. அப்பெயர்களைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. பதின்மூன்று பெயர்கள் வந்தன. ஒரு முகத்தில் விரல் நின்றுவிட்டது. நெடுநேரம் நோக்கினார். "இவன் நல்லாய்ப் படமெடுத்தவன். பேர்தான் வரயில்லை" என்று கூறிக் கண்ணாடியைக் கீழே வைத்தார். எமக்கும் அப்பெயர் நினைவில் இல்லை. முகம் தெளிவாகவே இருக்கின்றது. சட்டையின் மேற்பொத்தான் அறுந்திருப்பதுங்கூடத் தெரிகின்றது.

அப்படத்தை இக்கட்டுரையுடன் சேர்க்குமாறு மலர்க் குழுவினரை வேண்டியுள்ளோம். பின்வரிசையில், இடப்புறமிருந்து மூன்றாவதாக நிற்பவரை அறிந்த பழைய மாணவர் எவரேனும் இருப்பின், சங்கச் செயலாளருக்கு எழுதி உதவுக. அவர்தாமே இதனைக் காண நேரின், ஆசிரியர் தம்மை மறந்தாரல்லர், பெயரை மாத்திரமே மறந்தார் என்பதை அறிந்துகொள்க.

இந்நாள் மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் கையிலுள்ள தொலைபேசி எமது கமராவினும் விரைந்து விழிப்பது. அதனாலேயே எடுங்கள். எடுத்த அன்றே, இருப்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதிவையுங்கள். கழகத்தை மீண்டுந் தொடங்க எண்ணினால், எமது கமராவை இரவல் தரச் சித்தமாயுள்ளோம். உறங்காதவாறு அமைக்கும் முறையையும் கற்பித்தே தருவோம்.

கல்லூரியன்னை நீடு வாழ்க.