காந்தம் ஒட்டாத இடம்

காந்தத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு வண்டியை வலம் வருகிறார் கீழ் வீட்டுக்காரர். பிரீமியர் பத்மினி, க்ரீம் கலர். கதவின் மேல் பாதியில் காந்தம் டக்கென்று பிடிக்கிறது. கைப்பிடிக்குக் கீழே இறங்க இறங்கப் பிடி தளர்கிறது. அடி விளிம்புக்கு நாலு விரற்கடை மேலே வந்ததும் நழுவி உள்ளங்கையில் விழுகிறது. அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. அடுத்த கதவு. மட்கார்டு. டிக்கி. சுற்றி முடித்தபோது, கோட்டுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் பட்டிதான் என்று மாடியிலிருந்து பார்க்கிற எனக்கே தெரிந்துவிட்டது. எப்போதோ யாரோ துருவின் மேலேயே பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கைகழுவியிருக்கிறார்கள்.

திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய தெரு இது. ஜன்னல் கம்பி, கேட்டுத் தாழ்ப்பாள், சைக்கிள் செயின் எதுவும் இங்கே தப்புவதில்லை. காற்றோடு வந்து படிகிற உப்பு, ஈரத்தை இழுத்துத் தகட்டின் மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. துருவுக்கு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால்தான் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு கொப்புளம் எழும்புகிறது. வெளியே கொப்புளம் தெரிகிறபோது உள்ளே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும்.

கதவின் உள்பலகையைக் கழற்றினார். உள்ளேயிருந்து வந்தவை: மக்கிப்போன வேப்பிலைச் சருகு, களிமண்ணாக இறுகிய தூசி, ஒரு இருபத்தைந்து பைசா. கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது தப்பே இல்லை. இறங்கும் என்று தெரிந்துதான் கதவின் அடியில் ஓட்டைகள் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் கதவு தொட்டியாகிவிடும். அவர் ஒரு கம்பியை எடுத்து ஓட்டையைத் தேடிக் குத்தினார். கம்பி, ஓட்டைக்குப் பக்கத்திலேயே புது வழி கண்டுபிடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டிப் பார்த்தார். அடி விளிம்பு முழுக்க அப்பளமாக நொறுங்கிக் கொட்டியது. குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முறத்தை எடுத்துவந்து அள்ளினார்.

அவர் மனைவிக்கு இந்த வண்டியால் கொடி கட்டும் இடம் போயிற்று. "என்னங்க, இதுக்கு ஆகுற செலவுக்கு..." என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். ஒருநாள் மதியம் கணவர் இல்லாதபோது வெளியே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பத்மினிக்குக் கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். கண் எங்கோ ரோட்டில் இருக்க, கை தானாகப் போய் அந்தக் கியரைப் பிடித்தது. எத்தனை வருஷப் பழக்கமோ.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். புதுப்பேட்டைப் பக்கம் டிங்கரிங் செய்கிறவர். வெல்டிங் மெஷினைக் குட்டியானையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முதலில் ரன்னிங் போர்டின் கீழே படுத்துப் பார்த்தார்.

"மேல பட்டி போட்டா ஒரு மழை தாங்காது சார். நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும்."

"எவ்வளவு தூரம் பாய்?"

"வெட்டினாத்தான் தெரியும்."

இந்த வேலையின் சிரமம் முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கிறது. நல்ல தகடு எங்கே தொடங்குகிறது என்று வெட்டுகிறவரை யாருக்கும் தெரியாது. சாக்பீஸ் கோட்டில் தொடங்கிய கிரைண்டர், அதற்கு மேலும் ஒரு கை அகலம் போய்த்தான் நின்றது.

இஷ்டத்துக்கு வெட்டிவிடவும் முடியாது. ஃபியட் 1100-ன் வழியில் மும்பை குர்லாவில் செய்த வண்டி இது. அம்பாசடரைப் போலவே தனிச் சேஸ் கிடையாது. பாடியேதான் பாரம் தாங்குகிறது. கதவுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டுப் பெட்டியை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் சாத்தாது. பாய் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு பைப்பைப் பற்றவைத்து முட்டுக் கொடுத்தார். கதவிடுக்கில் தீக்குச்சியைச் செருகி, மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வெட்டு, அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

புதுத் தகட்டை ஆங்கிள் இரும்பில் வைத்துத் தட்டித் தட்டி மடித்தார். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, பழைய தகட்டின் மேல் பொருத்தி, ஓட்டைகளின் வழியே பற்றவைத்தார். முன்னால் ஒரு புள்ளி, அடுத்தது கடைக்கோடியில், அதற்கடுத்தது நடுவில். ஒவ்வொன்றுக்கும் இடையே புறங்கையால் சூடு பார்த்தார். ஒரே கோடாக இழுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஒரு டீ நேரம் சும்மா உட்கார்வதும் வேலையில் சேர்த்திதான். தீக்குச்சி மறுபடி இடுக்கில் ஓடியது. தடங்கலில்லை.

எட்டாத மூலைகளில் இருந்த துருவுக்குக் கீழ் வீட்டுக்காரர் பிரஷ்ஷால் ஏதோ ஒரு திரவம் தடவினார். காவி நிறம் மெல்லக் கருத்தது. இப்படித் துருவைக் கருக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். நம் கடுக்காயில் ஏராளமாக இருப்பதும் அதன் இனம்தான்; அன்னபேதியோடு சேர்த்து எழுதுமை காய்ச்சியது இந்தக் குணத்தை வைத்துத்தான். கடையில் டப்பாவில் அடைத்து விற்கும்போது விலைதான் மாறிவிடுகிறது.

சண்டை வந்தது கடைசியில். மூடிய பெட்டிக்குள் என்ன ஊற்றுவது?

"பழைய இன்ஜின் ஆயில் ஊத்துங்க சார். எங்க அத்தா காலத்துலேர்ந்து அதான்."

"அதுல அமிலம் இருக்கும் பாய். மெழுகு ஸ்ப்ரே வாங்கி வச்சிருக்கேன்."

பாய் அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை ஒட்டியிருந்த இடத்தில் கண் நின்றது. இடதுக்கு மெழுகு, வலதுக்கு ஆயில் என்று முடிவாயிற்று. யார் சொன்னது நிற்கிறது என்பதை அடுத்த ஆர்.சி. புதுப்பிப்பின்போது பார்த்துக்கொள்ளலாமாம். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான், இருவருக்கும் அவசரமில்லை. கதவின் அடி ஓட்டைகளில் மட்டும் கருத்து வேறுபாடே எழவில்லை. ஐப்பசிக்கு முன்னால் கம்பி விட்டுக் குத்திவிட வேண்டும் என்றார் பாய். அந்தக் கம்பியைக் கிளவ் பாக்ஸிலேயே போட்டு வைத்துவிட்டார் இவர்.

மெஷினை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டே பாய் கேட்டார்.

"இன்ஜின் எப்படி சார், ஓடுதா?"

"அத இன்னும் பாக்கல பாய்."