பாடிக்கு அடியில் என்ன இருக்கிறது?

ரெப்ளிக்கா கார் கட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். கோப்ரா, ஸ்பீட்ஸ்டர், கவுன்டாக் என்று ஏதோ ஒன்று. பெயின்ட் நிறம்கூட மனதுக்குள் முடிவாகியிருக்கும். நான் கேட்பது இரண்டே கேள்வி: வீல்பேஸ் எவ்வளவு? என்ஜின் எங்கே உட்காரப் போகிறது? முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் பொருந்தாவிட்டால், எவ்வளவு அருமையான ஃபைபர் பாடியானாலும் சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவில் நிற்காது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ இடறுகிறது என்று கண் கண்டுபிடித்துவிடும்.

ஸ்பீட்ஸ்டர் கட்டுகிறவர் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்பீட்ஸ்டர் போர்ஷே 356-இன் ஒரு வகை; அந்த 356 உருவானதே பீட்டிலின் பாகங்களை வைத்துத்தான். பின்னால் காற்றில் குளிரும் என்ஜின், டார்ஷன் பார் சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே வம்சம். பீட்டிலின் வீல்பேஸ் 2,400 மி.மீ., 356-க்கு 2,100. நடுவில் ஏறக்குறைய 300 மி.மீ. வெட்டியெடுத்து மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டுவது பெரிய காரியமில்லை. நடு டனலுக்குள் கியர் ராடு, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள், பெட்ரோல் குழாய் என்று ஒரு கூட்டமே ஓடுகிறது. அத்தனையையும் குட்டையாக்க வேண்டும், அதில்தான் நாள் போகும்.

பழைய பீட்டில் வாங்கும்போது பின் சீட்டைத் தூக்கி, பேட்டரி இருக்கும் வலது பக்கத் தரையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அங்கே தகடு அப்பளமாகியிருக்கும். 1971 மாடலாக வந்த சூப்பர் பீட்டில் மலிவாகக் கிடைத்தாலும் ஆசைப்பட வேண்டாம். அதற்கு முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஸ்பீட்ஸ்டர் பாடிகள் பொதுவாக டார்ஷன் பீம் உள்ள தட்டுக்கு என்றே அச்செடுக்கப்பட்டவை.

அளவு பொருந்தினால் போதுமா என்றால், இல்லை. பீட்டிலின் தட்டு தனியாக நிற்கும்போது அவ்வளவு விறைப்பானதல்ல. கூரையோடு கூடிய இரும்பு பாடியைச் சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்கிய பிறகுதான் முறுக்கைத் தாங்கும் வலு முழுமையாக வருகிறது. அதைக் கழற்றிவிட்டுக் கூரையில்லாத ஃபைபரை வைத்தால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வண்டியே முறுக்கிக்கொள்ளும். இது தெரிந்த கிட் தயாரிப்பாளர்கள் ஓரமாகச் செவ்வகக் குழாயில் ஒரு சட்டம் சேர்த்துத் தருகிறார்கள். கட்டி முடித்த வண்டியைச் சோதிக்க ஒரு ஜாக்கி போதும். ஒரு மூலையை மட்டும் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தால் விற்பவர் சொல்லும் மற்றக் கதைகளைக் கேட்க வேண்டியதில்லை.

கோப்ரா விஷயத்தில்தான் எனக்கும் வாடிக்கையாளருக்கும் வாக்குவாதம் வரும். அதன் மூலம் 1953-இல் வந்த ஏசி ஏஸ். ஜான் டோஜீரோ வடிவமைத்த அந்தச் சட்டம் நீளவாக்கில் 3 அங்குல விட்டமுள்ள இரண்டு குழாய்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அகலவாக்கில் பட்டை வில். 1962-இல் கரோல் ஷெல்பி அதில் ஃபோர்டு வி8 என்ஜினை ஏற்றினார். 1965-இல் 427 என்ஜின் வந்தபோது குழாய் 4 அங்குலமானது, பட்டை வில்லுக்குப் பதில் காயில் ஸ்பிரிங் வந்தது. அப்படியும் அது ஏணிதான். ஏணியை இரு முனையில் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்த்தவருக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சட்டமே ஸ்பிரிங் மாதிரி ஆடினால், ஷாக் அப்சார்பரை எந்தப் பக்கம் திருகி என்ன பயன்?

"அசலில் இருந்த அதே உருண்டைக் குழாய்தான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிப்பவரை நான் கேலி செய்வதில்லை. அந்தக் காலத்து ஆட்டத்தையும் சேர்த்து அனுபவிக்க விரும்புகிறவர் அவர். ஆனால் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறேன் என்பவருக்கு, அசலின் குறையைக் காசு கொடுத்து நகலெடுத்துத் தர எனக்கு மனம் ஒப்பாது. 90 அங்குல வீல்பேஸை மட்டும் தொடக் கூடாது. அடியில் செவ்வகக் குழாயும் முக்கோணக் குறுக்குத் தாங்கல்களும் வரட்டும். செவ்வகம் சாய்ந்து கோணும், முக்கோணத்தை அப்படிச் சாய்க்க முடியாது. இங்கிலாந்து கிட்களில் ஜாகுவார் எக்ஸ்ஜே6-இன் அச்சுகளைப் பொருத்துவது வழக்கம். வலுவானவை, ஆனால் அகலமானவை. ஹப்புக்கு ஹப் அளக்காமல் வாங்கினால் டயர் பாடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

கவுன்டாக் கதை வேறு. அதற்கு அடித்தளமாகத் தேடப்படும் போன்டியாக் ஃபியரோவின் பிளாஸ்டிக் பாடியைக் கழற்றிவிட்டாலும் அதன் இரும்புக் கூடு தானாக நிற்கும். வீல்பேஸ் 2,373 மி.மீ. ஃபெராரி 308-க்கு 2,340 என்பதால் அந்த ஜோடி ஏறக்குறைய ஒத்துப்போகும். கவுன்டாக்குக்கோ 2,450 வேண்டும். நீட்டிவிடலாம். உயரத்தை என்ன செய்வது? கவுன்டாக் 1,070 மி.மீ., ஃபியரோ 1,191. கண்ணாடித் தூண், கூரை, ஓட்டுபவரின் தலை எல்லாம் அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும். இதற்கென்றே கட்டிய குழாய்ச் சட்டத்துக்குப் பணம் சேர்கிற வரை காத்திருக்கச் சொல்வேன்.

முதல் முறை கட்டுகிறவருக்கு லோட்டஸ் செவன் பாணி வண்டியே நல்லது. அதை வீட்டிலேயே கட்டச் சொல்லித்தரும் ரான் சாம்பியனின் புத்தகம் 1996-இல் வந்த பிறகு, சதுரக் குழாயை வெட்டி, பழைய எஸ்கார்ட்டின் அச்சை மாட்டி எத்தனையோ பேர் வீட்டு ஷெட்டிலேயே கட்டிவிட்டார்கள்.

எந்தச் சட்டமானாலும் பணம் கொடுக்கும் முன் ஷூவோடு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பெடலுக்குக் கால் நேராகப் போகிறதா? சீட் பெல்ட் மாட்டும் இடங்கள் சட்டத்திலேயே வெல்டிங் ஆகியிருக்கின்றனவா? ஃபைபரில் ஒரு தகடு வைத்துப் பெல்ட்டை மாட்டிக்கொள்ளலாம் என்பவருக்கு நான் வேலை எடுப்பதில்லை.