நாயனம் வந்த வீடு

தஞ்சாவூர்ச் சீமையில் வீடு கட்டியவர்கள் யாரும், சாண் உயரமுள்ள ஒரு பிராணி அந்த வீட்டில் குடித்தனம் பண்ண வரும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களுக்கு இருந்த பயமெல்லாம் தண்ணீரைப் பற்றியது. காவேரி இன்றைக்குச் சாதுவாகப் போவாள், நாளைக்குத் தெருவுக்குள் வந்து நிற்பாள். 1924-ஆம் வருஷத்து வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பயத்தைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக அடுக்கிவிட்டுப் போனார்கள். தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணை. முழங்காலில் பாதி உயரமுள்ள நிலைப்படியைத் தாண்டினால் ரேழி. ரேழியைக் கடந்தால் கூடம். கூடத்தின் நடுவில் முக்கால் அடிப் பள்ளமாக முற்றம். அதற்கப்பால் இன்னொரு நிலைப்படி, இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை. எங்கள் வீடும் அப்படித்தான். தாத்தா கட்டியது. அதில் மொத்தம் பதினோரு இடத்தில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதைச் சென்ற கார்த்திகை மாதம் உட்கார்ந்து எண்ணினேன். எண்ணும்படி வைத்தது ஒரு டாஷ்ஹண்ட் நாய்.

டாஷ்ஹண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பை ஒருவர் செய்து முடித்துவிட்டுப் போக, காலை வேறொருவர் அவசரத்தில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஜெர்மன் பாஷையில் 'டாக்ஸ்' என்றால் வளை தோண்டி வாழும் ஒரு மிருகம். 'ஹுண்ட்' என்றால் நாய். அந்த மிருகத்தை வளைக்குள்ளேயே போய் எதிர்ப்பதற்காக, காலைக் குட்டையாக்கி உடம்பை நீளமாக்கி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த ஜாதி இது. ஜெர்மானியர்களுக்கு இதன் மேல் வெகு அபிமானம். 1972-இல் மியூனிக் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது, வால்டி என்ற டாஷ்ஹண்டைத்தான் அதற்குச் சின்னமாக வைத்தார்கள். நம்முடைய ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நெடுநெடுவென்று நிற்கிற ஜாதிகள். ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால் தலைகூடப் போட்டார்கள். ஆனாலும் நம் ஊர்ப் பட்டணங்களில் மாடிவீட்டுக்காரர்கள் இந்தக் குட்டைக்காலை விரும்பி வாங்குகிறார்கள். இடம் அடைக்காது, குரல் மட்டும் பெரிய நாயின் குரல்.

இந்த அழகுக்கு நாய் கொடுக்கிற விலை முதுகு. கால் குட்டையாவதற்குக் காரணம், எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணு உடம்பில் அதிகப்படியாக ஒரு பிரதி இருப்பதுதான் என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவின் இன்னொரு பிரதி, முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகளைக் கெடுக்கிறது என்று 2017-இல் தெரிந்தது. மற்ற நாய்களுக்கு வயோதிகத்தில் காய்கிற அந்த மெத்தை, இந்த நாய்க்கு ஒன்றிரண்டு வயசிலேயே காயத் தொடங்குகிறது. ஒரு நாள் கட்டிலிலிருந்து குதிக்கும். வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். பின்னங்கால் இரண்டும் துணியாகத் துவண்டுவிடும். நாலு டாஷ்ஹண்டில் சுமார் ஒன்றுக்கு இந்தக் கதி வருகிறது.

எங்களிடம் வந்தது அந்த நாலில் ஒன்று. சம்பாவுக்கு மேலுரம் போடப் போன ஒரு ஆள், கல்லணைக் கால்வாய்க் கரையில் அது முன்னங்காலால் தன் உடம்பை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறான். கையிலிருந்த உரச்சாக்கில் அதைப் படுக்கவைத்து, மொபெட்டின் முன்பக்கம் வைத்துக்கொண்டு ஒரத்தநாட்டுக்குப் போனான். அங்கே 2012-இல் ஆரம்பித்த அரசாங்கக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதில் படிக்கிறாள். அவள்தான் வந்து சொன்னாள்: "பொட்டை நாய், மாமா. அஞ்சு வயசு இருக்கும். மடியைப் பார்த்தா நாலைஞ்சு ஈத்தாவது போட்டிருக்கும். குட்டி விக்கிறதுக்குன்னு யாரோ வெச்சிருந்திருக்கா. முதுகு விட்டதும் கொண்டுவந்து விட்டுட்டா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கால் விரலை அழுத்திக் கிள்ளினா திரும்பிப் பார்க்கிறது. வலி தெரியறது. வலி தெரியற வரைக்கும் நம்பிக்கை உண்டுன்னு டாக்டர் சொல்றார்" என்றாள்.

வலி தெரிகிற வரைக்கும் நம்பிக்கை உண்டு என்ற வார்த்தையை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு அது பெரிய வாக்கியம். ஆனால் நாய்க்கு வாக்கியம் உதவாது, வீடு வேண்டும்.

கன்றுக்குட்டிக்காகத் தன் பிள்ளையையே தேர்க்காலில் இட்ட ராஜாவின் கதை வழங்குகிற சீமை இது. திருவாரூரில் அதற்குக் கல்தேர்கூட இருக்கிறது. பிராணிகளுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டுமென்று ராஜ்ய சபையில் முதலில் பிரேரணை கொண்டுவந்தவரும் நம் பக்கத்து அம்மாள்தான்: ருக்மிணி தேவி அருண்டேல். அதன் பலனாக 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது; 1962-இல் அமைந்த பிராணிநல வாரியத்துக்கு அவரே தலைவரானார். அதற்கும் முன்னால், 1959-இல், கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி சென்னையில் தம் வீட்டிலேயே 'புளூ கிராஸ்' என்று தொடங்கி, தெருவில் கிடந்த ஜீவன்களை எடுத்துவந்து காப்பாற்ற ஆரம்பித்தார். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவை குற்றத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் அபராதம் போட இடமில்லாமல் அதை எழுதினார்கள். கால்வாய்க் கரையில் விட்டுப்போன மனிதரைக் கண்டுபிடித்திருந்தாலும், நாய்க்கு வாங்கிய முதல் மருந்துச் சீட்டுக்குக்கூட அந்தத் தொகை காணாது.

கூண்டோடு அது வந்து இறங்கியபோது அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். அத்தைக்கு எழுபத்தொன்பது வயசு. இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவள். எழுந்த பிறகு கைத்தடியைத் தொடமாட்டேன் என்று பிடிவாதம். கொல்லை நிலைப்படியைத் தாண்ட முடியாமல், துளசி மாடத்துக்குத் தண்ணீர் விடுவதையே விட்டிருந்தாள்.

"இது நாயாடா? நாயனத்தைத் தோல் போட்டு மூடினாப்பலன்னா நீட்டிண்டு கிடக்கு!" என்றாள். நாகஸ்வரம் விளைகிற பூமியில் வேறு எதைச் சொல்வாள்? அதுவே பெயராக நின்றுவிட்டது. பெயர் வைத்த கையோடு, "ரேழிக்கு இந்தண்டை வரப்படாது" என்று எல்லையும் வகுத்தாள்.

ஆறு வாரம் அசையக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டு. இயற்கை உபாதைக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். எடுக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே. முதுகு மட்டப்பலகை மாதிரி இருக்கவேண்டும். கழுத்துப்பட்டை உதவாது, மார்பைச் சுற்றுகிற வார்தான் போடவேண்டும். எடை ஏறக்கூடாது, விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் வீட்டு விருந்தில் மிச்சம் என்று எதைப் போடுகிறோமோ, அதில் பாதி அதற்கு விஷம். மஞ்சள் போட்ட சாதம், பூசணிக்காய், அடுத்த தெருவிலிருந்து வேகவைத்து வருகிற கோழி என்று என் மனைவி தனிச் சமையல் பட்டியல் போட்டாள். எங்கள் அடுப்பில் அது வேகாது என்பது அத்தைக்கும் அவளுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை.

அந்த ஆறு வாரத்துக்குள் வீட்டைத் தயார் செய்தாக வேண்டும். சிவப்புச் சிமெண்டுத் தரை எங்கள் வீட்டின் பெருமை. அதில் பலமில்லாத பின்னங்கால் அகன்று வழுக்கும். ஆகவே ரேழியிலிருந்து கூடம் வரை கயிற்றுப் பாய் விரித்தோம். ஊஞ்சலைச் சங்கிலியோடு கழற்றிப் பரணில் ஏற்றினேன். அது ஆடினால் இந்த நாயின் தலைக்குச் சரியாக வரும். நின்றால் இது ஏறிக் குதிக்கும். நான் பதினேழு வருஷமாக ஊஞ்சலில் உட்கார்ந்து எழுதியவன். இப்போது நாற்காலியில் எழுதுகிறேன். வாக்கியங்கள் கொஞ்சம் விறைத்திருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதினோரு படிகளில் நாலுக்குத் தடுப்பு வைத்துவிடலாம், ஏழுக்குச் சாய்வுப் பலகை வேண்டும் என்று கணக்குப் போட்டோம். ஆசாரி வந்து பார்த்தார். மரத்தின் விலையைச் சொல்லிவிட்டு, இரண்டாம் கட்டில் நின்ற பத்தாயத்தைத் தட்டிப் பார்த்தார். "அத்தனையும் பலாப் பலகை, ஐயா. நாப்பது வருஷத்துக்குச் சேதம் வராது" என்றார்.

பத்தாயம் காலிதான். இப்போது நெல் வயலிலேயே இயந்திரத்தில் அறுபட்டு, கொள்முதல் நிலையத்துக்கு நேரே போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது பணம், அதுவும் பாங்கிக் கணக்கில். ஆனால் அந்தப் பத்தாயம் அத்தையின் அப்பா செய்தது. அதன் வாயில் அவள் பார்க்காத நெல் இல்லை. "லக்ஷ்மி இருந்த பலகைடா. அதுமேல நாய் நடக்கறதா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பட்டணத்தில் பிளைவுட் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசாரியை அனுப்பிவிட்டேன்.

மார்கழியில் ஒரு ராத்திரி விழித்துப் பார்த்தபோது ரேழியில் விளக்கு எரிந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நாயனம் முனகவில்லை, கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தம் போட மாட்டேங்கறதுடா" என்றாள் அத்தை. "நானும் போடலை. போட்டா மட்டும் யாரு எழுந்துக்க விடப்போறா? படுத்தவளுக்குத்தான் தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆசாரியைக் கூப்பிடு. நெல்லில்லாத பத்தாயத்தை வெச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன்?" என்றாள்.

ஆசாரிக்கு மனுஷர்களைத் தெரியும். கொல்லை நிலைப்படிக்கு வந்ததும், அரையடி உயரத்துக்கு ஆறடி நீளத்தில், இரண்டு நாய் சேர்ந்து நடக்கிற அகலத்தில் சாய்வு போட்டார். பக்கத்தில் ஒரு கைப்பிடிச் சட்டமும் வைத்தார். "நாய்க்கு எதுக்கையா கைப்பிடி?" என்று அவரே கேட்டுக்கொண்டு, "இருக்கட்டும், பலகை மிச்சம்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் துளசி மாடத்தில் கோலம் இருந்தது. தனக்கென்று கைத்தடி வேண்டாம் என்றவளுக்கு, நாய்க்கென்று போட்ட பலகையில் நடப்பதில் கௌரவக் குறைவு தோன்றவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து நாயனம் நாலு காலில் நின்றது. நின்றது, ஆடியது, உட்கார்ந்தது, மறுபடி நின்றது. மாசி பிறப்பதற்குள் பலகை மேல் தானாக ஏறி இறங்கியது. சாய்வு முடிகிற இடத்தில் பின்னங்கால் கொஞ்சம் தாமதித்து வரும். தவில்காரர் தாளத்தை விட்டுப் பிடிக்கிற மாதிரி.

அறுவடை முடிந்த வயலுக்கு ஒரு நாள் வாரில் பிடித்து அழைத்துப் போனேன். வரப்பு ஓரத்தில் மூக்கை வைத்ததுதான் தாமதம், ஜெர்மனிக் காட்டு முப்பாட்டன் உள்ளே விழித்துக்கொண்டுவிட்டான். மண் பின்னால் பறந்தது. வயலில் இருந்த ஆட்கள் கைகொட்டினார்கள். எலி வளைக்குள் எத்தனை கதிர் இழுத்து வைத்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் தோண்டுவது அந்த முதுகுக்கு ஆகாது. வரப்பு வளையில் எலிக்குப் பதில் நல்லபாம்பும் இருக்கலாம். எலிமூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் எலிக் காய்ச்சலும் இருக்கிறது. நாய்க்கு வருஷந்தோறும் அதற்கு ஊசி போடவேண்டும், வெறிநாய்க்கடி ஊசியோடு சேர்த்து. எந்த வேலைக்காக அதன் உடம்பை இப்படிப் பண்ணினார்களோ, அந்த வேலையைச் செய்யவிடாமல் தூக்கிக்கொண்டு வருவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்கும் இருந்தது. வீடு வரையில் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

இந்த ஜாதி நாயை எடுத்து வளர்க்க நினைக்கிற அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். குட்டியாக விலைக்கு வாங்குவதற்கு முன்னால், கைவிடப்பட்டது எங்கேயாவது கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைத்தால், உங்கள் வீட்டுத் தரையில் படுத்து, சாண் உயரத்திலிருந்து ஒரு தடவை வீட்டைப் பாருங்கள். எந்தப் படி மலையாகத் தெரிகிறதோ அங்கே பலகை போடுங்கள். பலகை போட முடியாத மனசு இருந்தால் நாய் வேண்டாம்.

போன வாரம் டாக்டர் சோதித்துப் பார்த்தார். ஒரு தடவை விட்ட முதுகு இன்னொரு தடவையும் விடலாம். எப்போது என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அத்தை பலகைக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, கீழே தூங்குகிற நாயனத்தின் மேல் வெயில் படாமல் நின்றிருந்தாள்.

"அப்படி மறுபடி விட்டுதுன்னா?" என்றாள் என் மனைவி.

"படுத்துக்கட்டுமே" என்றாள் அத்தை. "இங்கே இடமில்லையா?"