ஒரு மொழியின் தாய்வீடு

பின்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஹெல்ஸிங்கிக்குச் செல்வோர், துறைமுகத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் வெண்ணிறத் தேவாலயத்தைக் கண்டு களித்துத் திரும்புவது வழக்கம். நாம் அங்கிருந்து சிறிது தூரம் நடந்து, ஹல்லிடுஸ்கட்டு என்னும் வீதியின் முதலாம் இலக்கக் கட்டடத்தை அடைந்தோம். 1890-ம் ஆண்டில் கட்டி முடிந்த இம்மாளிகையே பின்னிஷ் இலக்கியச் சங்கத்தின் இருப்பிடம். இது கோட்டையன்று, ஆயினும் கோட்டைகளால் ஆகாத காரியம் இச்சங்கத்தால் ஆயிற்று.

சங்கம் பிறந்தது 1831-ல். ஏறக்குறைய 600 ஆண்டுகள் ஸ்வீடனின் ஆட்சியில் இருந்த பின்லாந்து, 1809-ல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் வசமாயிற்று. கொடி மாறிய பின்னும் கச்சேரியிலும் கலாசாலையிலும் ஸ்வீடிஷ் மொழியே கொலுவிருந்தது. உழவரும் மீனவரும் பேசிய பின்னிஷ் மொழிக்கு வயலும் அடுக்களையும் தேவாலயமுமே புகலிடம். சங்கத்தைத் தொடங்கிய கல்விமான்களிலும் பெரும்பாலோர் ஸ்வீடிஷ் மொழியில் கற்றுத் தேர்ந்தவர்களே. பாமரரின் மொழியைப் பயில அவர்கள் முன்வந்ததுதான் வியப்பு.

சங்கத்தின் முதற் காரியதரிசி எலியாஸ் லொண்ரொத், ஒரு தையற்காரரின் மைந்தர்; தொழிலால் வைத்தியர். கரேலியாவின் எல்லைக் கிராமங்களுக்குக் கால்நடையாகவும் படகிலும் பனிச்சறுக்கிலும் சென்று, எழுத்தறியாத முதியோர் பாடிய பழம்பாடல்களை எழுதிக்கொண்டார். அவற்றைத் தொடுத்து அவர் அமைத்த ‘கலேவலா’ காவியத்தை 1835-ல் சங்கம் வெளியிட்டது. அச்சிட்டவை 500 பிரதிகளே. அவையும் விற்றுத் தீரப் பத்தாண்டுகளுக்கு மேலாயின! எனினும் முயற்சி தளரவில்லை. 1849-ல் அக்காவியம் 50 பாடல்களும் 22,795 அடிகளுமாய் விரிந்து வெளிவந்தது.

மறு ஆண்டே பேரிடி விழுந்தது. ஐரோப்பாவில் மூண்ட 1848-ம் ஆண்டுப் புரட்சிகளின் கருத்துக்கள் குடியானவர்களை எட்டிவிடுமோ என்று அஞ்சிய அரசாங்கம், சமயமும் பொருளாதார நலனும் பற்றிய நூல்களன்றி வேறெதையும் பின்னிஷ் மொழியில் வெளியிடலாகாதெனத் தடுத்தது. கதை படிப்பதும் குற்றமெனக் கருதிய காலம்! பத்தாண்டுகளில் அத்தடை தளர்ந்தது. 1863-ல், இருபதாண்டுகளுக்குள் அரசாங்க அலுவல்களில் ஸ்வீடிஷுக்குச் சமமான ஸ்தானம் பின்னிஷுக்கும் கிடைக்க வேண்டுமென்று சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாந்தரே கட்டளையிட்டார். தேசம் சுதந்திரம் அடைந்தது 1917-ல்.

சங்கத்தின் புகழில் ஒரு நிழலும் உண்டு. நகரின் ரயில் நிலையத்தருகே, தேசிய நாடகசாலையின் முன் அலெக்ஸிஸ் கிவியின் சிலை அமர்ந்திருக்கிறது. அவருடைய ‘ஏழு சகோதரர்கள்’ என்னும் நாவலைச் சங்கமே 1870-ல் சிறு பகுதிகளாக வெளியிட்டது. பேராசிரியர் ஆல்க்விஸ்ட் அதைக் கடுமையாகத் தாக்கவே, சங்கம் தயங்கி, முழு நூலை நிறுத்தி வைத்தது. 1872-ம் ஆண்டின் கடைசி நாளில் கிவி வறுமையில் மாண்டார். நூல் 1873-ல் வந்தது. பழம்பாட்டைப் போற்றிய கைகள், புதிய குரலைத் தாங்கச் சிறிது தாமதித்துவிட்டன.

எனினும் அம்மாளிகையில் இன்றும் பணி ஓயவில்லை. பாமரர் வாய்மொழியாகத் தந்த பாட்டும் பழமொழியும் கதையும் அங்கே பொன்போல் காக்கப்படுகின்றன. ‘கலேவலா’வை ஈழத்து எழுத்தாளர் உதயணன் தமிழாக்கி, 1994-ல் நம் கைக்கும் எட்டச் செய்தார்.

அதிகாரம் கிடைத்தபின் மொழியை வளர்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மொழியை முதலில் வளர்த்தார்கள். அதிகாரம் பின்னே தேடி வந்தது.